கிங்காங் யார்?

சண்டை என்று பேச்சு வந்தாலே எங்க தூத்துக்குடிப் பெரியவர்கள் 'தாராசிங்–கிங்காங்' என்பார்கள். தாராசிங் தெரியும். கிங்காங்? எமில் சாயா. 1909-இல் பிறந்த ஹங்கேரியர்; 1970-இல் சிங்கப்பூரில் இறந்தார்.

"எல்லாம் செட்டப்பு, காசு வாங்கிட்டுத் தோத்தான்" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறோம். முடிவு முன்கூட்டியே பேசியதாகவே இருக்கட்டும். பார்க்கிறவன் நம்பும்படி தோற்பதும் வேலைதானே? அந்தப் பெரிய உடம்பு நிஜமாகவே பயமுறுத்தினால்தான் எதிரே நிற்பவர் வீரர். கிங்காங்கை வெற்றிக் கணக்கால் எடைபோடுவது, நம்பியார் எம்ஜிஆரை எத்தனை தடவை ஜெயித்தார் என்று எண்ணுவது மாதிரி.

தாராசிங்குக்கு அனுமார் வேஷம் கிடைத்தது, 2003-இல் ராஜ்யசபாவும். கிங்காங் என்ற பெயர், குண்டுப் பையன்களைக் கூப்பிடும் பட்டப்பெயராகிவிட்டது. எங்க வகுப்பிலும் ஒருத்தன் இருந்தான். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.