ஸ்டிட்ச் கேமின் ஆழம்

திருப்பூரில் ஒரு துணியைக் கையில் வாங்கியதும் எல்லோரும் கேட்பது, "ஜி.எஸ்.எம். எவ்வளவு?" சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு அது. நான் முதலில் பார்ப்பது லூப்பை. 30ஆம் நம்பர் நூலில் பின்னிய நல்ல சிங்கிள் ஜெர்சியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், வரிக்கு வரி பிசகாமல் லூப் இறங்கிவரும். அந்த ஒழுங்கைத் தீர்மானிப்பது வட்டப் பின்னல் மெஷினின் ஸ்டிட்ச் கேம். ஊசியை எவ்வளவு ஆழம் கீழே இழுக்க வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அதைத் திருகி வைக்கிற ஃபிட்டரின் விரல்களை நான் கலைஞனின் விரல்களாகவே பார்க்கிறேன்.

அவர் புழங்குவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. லூப் நீளம் 2.8 மி.மீ. என்றால் இந்தத் துணி ஏறத்தாழ 155 ஜி.எஸ்.எம். நிற்கும். 2.7 ஆனால் ஐந்தாறு கிராம் கூடிவிடும். 30 இன்ச் டயா, 24 கேஜ் (இன்ச்சுக்கு 24 ஊசி) மெஷினில் ஊசிகள் சுமார் 2,260. ஊசிக்கு 0.1 மி.மீ. என்றால், ஒரு சுற்றுக்கு ஒரு ஃபீடரில் 22 செ.மீ.க்கு மேல் நூல் வித்தியாசம்!

ஆழம் கூட்டினால் லூப் நீளும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது அவ்வளவு நேரானதல்ல. கீழிறங்கும் ஊசிக்குப் போகிற நூல், வழியிலுள்ள ஊசியிலும், ஊசிகளுக்கு இடையே இருக்கும் சிங்கர் தகட்டிலும் உரசி உரசி இழுவிசை ஏறிப்போகிறது. அடியாழத்தில் இருக்கும் ஊசிக்குக் கோனிலிருந்து இழுப்பதைவிட, சற்றுமுன் முடிந்து மேலே கிளம்பும் பக்கத்து லூப்பிலிருந்து பிடுங்கிக்கொள்வது சுலபம். அதனால் கேமை இறக்குகிற அளவுக்கு லூப் நீளாது; டென்ஷன்தான் ஏறும். பின்னல் ஆய்வாளர்கள் நாப்டனும் மண்டனும் 1966இல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். நூலை அளந்து ஊட்டும் பாசிட்டிவ் ஃபீடர் உள்ள மெஷினில், அந்த அளவை மாற்றும் வி.டி.கியூ. புல்லி நீளத்தைப் பார்த்துக்கொள்கிறது. கேமின் ஆழம் டென்ஷனுக்கு மட்டும். ஆழம் மிஞ்சினால் நூல் அறுந்து ஓட்டை விழும். போதாவிட்டால் நூல் தொய்ந்து லூப் சரியாகக் கழலாது. நல்ல ஃபிட்டர் டென்ஷன் மீட்டரை ஒவ்வொரு ஃபீடராக வைத்து, தொண்ணூற்றுச் சொச்சத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவார். ஒன்று பிசகினாலும் ரோல் முழுக்கக் குறுக்குக் கோடு விழும்.

இதே நுணுக்கத்தை வெளிநாடுகளில் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கி சுடுவோரிடமும் காண்கிறேன். (இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா செய்ய 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இடம் தராது.) 9 மி.மீ. பிஸ்டல் தோட்டாவில் குண்டைக் கொஞ்சம் கூடுதலாக உள்ளே அழுத்தினால் வெடிமருந்துக்கான இடம் சுருங்குகிறது. மருந்து அதே அளவுதான், ஆனால் அழுத்தம் சட்டென்று எகிறும். வேகமும் சற்றே கூடும். அந்தச் சின்ன லாபத்துக்குத் துப்பாக்கியே பலியாகலாம். ரைஃபிளில் இன்னொரு சங்கதி. குண்டு வெளியே நீண்டு குழலின் வரிப்பள்ளங்களைத் தொட்டுக்கொண்டிருந்தால், ஓட இடமில்லாமல் தொடக்கத்திலேயே அழுத்தம் ஏறும். இடைவெளி விட்டால் தணியும். அமெரிக்க ரைஃபிள் தயாரிப்பாளர் ராய் வெதர்பி தன் ரைஃபிள்களில் அந்த இடைவெளியை நீளமாக விட்டு, கூடுதல் மருந்துக்கு வழி செய்து வேகத்தை எட்டினார். ஆக, ஆழத்தை மட்டும் அளந்து அவர்களும் தீர்ப்பு எழுதுவதில்லை. வேகமானி வைத்துச் சுட்டுப் பார்க்கிறார்கள், காலிக் கூட்டில் அழுத்தத்தின் தடயம் தேடுகிறார்கள்.

நம்மூர்ச் சோதனை இன்னும் எளிது. துணியில் நூறு லூப்புக்கு இரண்டு பக்கமும் மையால் குறியிட்டு, ஒரு வரி நூலை உருவி, சுருக்கம் நீங்கும் அளவுக்கு மட்டும் இழுத்து ஸ்கேலில் வைக்க வேண்டும். 28 செ.மீ. வந்தால் லூப் 2.8 மி.மீ. லூப்பைச் சின்னதாகப் பின்னிவிட்டு, ஃபினிஷிங்கில் துணியை இழுத்து அகலம் காட்டி ஜி.எஸ்.எம்.மைச் சரிக்கட்டுகிறவர்கள் உண்டு. தராசு அதை ஒத்துக்கொள்ளும். தளர்ந்த துணியின் அளவுகளை ஆள்வது லூப் நீளமே என்று மண்டன் 1959லேயே காட்டிவிட்டார். ஆகவே அந்தத் துணி துவைத்ததும் சுருங்கி, லூப் சொல்கிற இடத்துக்கே திரும்பிவிடும்.

மெர்ச்சண்டைசிங் வேலைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜி.எஸ்.எம். பார்க்கத் துணியை வெட்டும் ரவுண்டு கட்டரை எடுக்கும் முன் அந்த நூறு லூப்பை உருவி அளந்து பாருங்கள். அளவு சரியாக இருந்தால், மெஷினருகே போய் ஃபிட்டரிடம் அதைச் சொல்லுங்கள்.