ரெஸ்டோர் செய்தது, அப்கிரேட் செய்தது: பழைய டிஜிட்டல் சிந்தசைசர் விளம்பரங்களை எப்படி வாசிப்பது?

பழைய டிஜிட்டல் சிந்தசைசர்களை விற்பவர்களின் விளம்பரங்களை வாசிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்கு. வாங்கும் வசதி இல்லை. வாசிக்க காசு வேண்டாமே. அவற்றில் இரண்டு சொற்கள் எப்போதும் ஜோடியாகவே வரும்: முழுமையாக ரெஸ்டோர் செய்யப்பட்டது, முழுமையாக அப்கிரேட் செய்யப்பட்டது. இரண்டும் பாராட்டுச் சொற்கள் மாதிரி அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கும்.

கொஞ்சம் யோசித்தால் இவை எதிரெதிர்ச் சொற்கள். ரெஸ்டோர் என்றால் பழையபடி ஆக்குவது. அப்கிரேட் என்றால் பழையபடி இல்லாமல் ஆக்குவது. ஒரே பெட்டிக்கு இரண்டையும் முழுமையாகச் செய்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், எந்தப் பகுதிக்கு எது நடந்தது என்று கேட்க வேண்டும். கார் விலை, சில சமயம் வீட்டு விலை கொடுத்து வாங்குபவர்கள்கூட அதைக் கேட்பதாகத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

உதாரணத்துக்கு இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ஆஸ்திரேலியாவின் ஃபேர்லைட் சிஎம்ஐ. சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் உருவாக்கி 1979-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. மற்றொன்று அமெரிக்காவின் சிங்க்ளேவியர். டார்ட்மத் கல்லூரியில் ஜான் ஆப்பிள்டன், சிட்னி அலோன்சோ, கேமரன் ஜோன்ஸ் மூவரின் வேலையிலிருந்து பிறந்து, நியூ இங்கிலாந்து டிஜிட்டல் என்ற கம்பெனி விற்றது. ஃபேர்லைட்டின் முதல் கம்பெனி எண்பதுகளின் கடைசியிலும், நியூ இங்கிலாந்து டிஜிட்டல் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் மூடப்பட்டன. அதன் பிறகு இந்தப் பெட்டிகளை உயிரோடு வைத்திருப்பது தனி ஆட்களும் சின்னப் பட்டறைகளும்தான். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. கேள்வி அவர்களுடைய திறமையைப் பற்றியதல்ல, அந்த இரண்டு சொற்களைப் பற்றியது.

குறைதான் குரல்

ஃபேர்லைட்டின் முதல் இரண்டு சீரிஸ்களில் 8 குரல்கள். அதாவது ஒரே நேரத்தில் 8 ஒலிகள். ஒவ்வொரு குரலுக்கும் தனி கார்டு, ஒவ்வொரு கார்டிலும் 16 கிலோபைட் நினைவகம், சாம்பிள் ஒவ்வொன்றும் 8 பிட். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 16,384 பைட். விநாடிக்கு 16,000 சாம்பிள் வீதம் பதிவு செய்தால் ஒரு விநாடி கிடைக்கும். 30,000 வீதம் என்றால் அரை விநாடியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

வோகலும் ரைரியும் முதலில் விரும்பியது இதை அல்ல. ஒலியைக் கணக்குப் போட்டே உருவாக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. அன்றைய கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் கிடையாது. 1978-ல் வோகல் ரேடியோவிலிருந்து ஏறக்குறைய ஒரு விநாடி பியானோவைப் பிடித்து, வெவ்வேறு சுருதிகளில் ஓடவிட்டுப் பார்த்தார். கணக்குப் போட்டு செய்த எதையும்விட அது பியானோ மாதிரி இருந்தது. அதை ஒரு குறுக்குவழி என்றே அவர்கள் நினைத்தார்கள். அந்தக் குறுக்குவழிக்குத்தான் பிறகு சாம்ப்ளிங் என்று பெயர் நிலைத்தது.

இந்த அரை விநாடி, ஒரு விநாடி என்ற எல்லைக்குள்தான் அந்தக் காலத்து இசை நடந்தது. கேட் புஷ்ஷின் 1980 ஆல்பமான 'நெவர் ஃபார் எவர்'-ல் கண்ணாடி உடையும் ஒலி அப்படி வந்தது. ஃபேர்லைட்டின் டிஸ்க்கில் ஆர்க்5 என்ற பெயரில் ஒரு சாம்பிள் இருந்தது. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' பாலே இசையிலிருந்து வெட்டியெடுத்த, முழு ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து அடிக்கும் ஒரே ஒரு அடி. 1982-ல் ஆஃப்ரிக்கா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' அதைப் பயன்படுத்தியது. பிறகு மலிவான கீபோர்டுகள் எல்லாவற்றிலும் அதன் நகல்கள் வந்துவிட்டன. தொண்ணூறுகளின் நம்மூர்ப் பாட்டுகளிலும் அந்த 'டாண்!' அடியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நினைவகம் தாராளமாக இருந்திருந்தால் அவர்கள் ஒரு அடியோடு நிறுத்தியிருப்பார்களா? எனக்கு சந்தேகம்தான்.

இன்னொரு விஷயம் அதைவிட முக்கியம். இன்றைய மென்பொருள் ஒரு சாம்பிளை சுருதி மாற்றும்போது கடிகார வேகத்தைத் தொடாது. 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸில் நிலையாக ஓடிக்கொண்டே, இடைப்பட்ட மதிப்புகளைக் கணக்கிட்டு நிரப்பும். ஃபேர்லைட் அப்படியல்ல. ஒவ்வொரு குரலின் கடிகாரமும் தனித்தனியாக வேகம் மாறும். ஒரு ஆக்டேவ் கீழே வாசித்தால் கடிகாரம் பாதி வேகத்தில் ஓடும். அப்போது எழும் கரகரப்பும் அதை வெட்டும் அனலாக் ஃபில்டரும் சேர்ந்ததுதான் நாம் 'ஃபேர்லைட் ஒலி' என்று சொல்வது. சிங்க்ளேவியரின் சாம்ப்ளிங் இதைவிடப் பல மடங்கு துல்லியம்: 16 பிட், விநாடிக்கு 1,00,000 சாம்பிள் வரை. ஆனால் குரலுக்குக் குரல் தனிக் கடிகாரம் என்ற எண்ணம் அங்கேயும் உண்டு.

ஆக, என் முதல் அளவுகோல் இது. அப்கிரேட் ஒலியின் பாதையில் நடந்ததா, அதற்கு வெளியே நடந்ததா? பவர் சப்ளையில் காய்ந்துபோன கெப்பாசிட்டர்களை மாற்றினீர்களா? மாற்றத்தான் வேண்டும், இல்லையென்றால் ஒருநாள் கார்டுகளையும் சேர்த்து எரித்துவிடும். எட்டு அங்குல ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதில் யுஎஸ்பி ஸ்டிக் போடும் எமுலேட்டர், பழைய ஸ்கசி ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்டி கார்டு? தாராளமாக. எண் எங்கே தூங்குகிறது என்பது ஒலிக்குத் தெரியாது. ஆனால் கடிகாரம், எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் சிப், ஃபில்டர், இந்த மூன்றில் ஒன்றை 'சுத்தமான' நவீனப் பாகமாக மாற்றிவிட்டு அதை அப்கிரேட் என்று சொன்னால், கல்வெட்டின் மேல் பெயின்ட் அடித்துவிட்டுத் திருப்பணி என்று சொல்கிற மாதிரி.

கையின் பாதை

இந்த அளவுகோல் மட்டும் போதாது. ஒலியின் பாதைக்கு வெளியே இருந்தும் தொடக்கூடாத பாகம் ஒன்று ஃபேர்லைட்டில் இருக்கிறது: மானிட்டர்.

பழைய பச்சை நிற சிஆர்டி மானிட்டர் எப்போது வேண்டுமானாலும் செத்துப்போகலாம். அதைத் தூக்கிவிட்டு எல்சிடி திரை வைப்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஃபேர்லைட்டில் லைட் பென் உண்டு. திரையின் மேல் அதை வைத்து அலைவடிவத்தைக் கையாலேயே வரையலாம். லைட் பென் வேலை செய்யும் விதம் என்னன்னா, சிஆர்டியின் எலக்ட்ரான் கற்றை வரிவரியாகத் திரையைக் கடக்கும்போது, தனக்கு நேரே வெளிச்சம் வந்த அந்தக் கணத்தைப் பேனா பிடித்துக்கொள்ளும். எந்தக் கணம் என்று தெரிந்தால் திரையில் எந்த இடம் என்பது தெரிந்துவிடும். எல்சிடியில் கற்றையே கிடையாது. வேறு ஏற்பாடு செய்யாமல் திரையை மட்டும் மாற்றினால் படம் பளிச்சென்று தெரியும், பேனா வெறும் குச்சியாகிவிடும்.

வெறும் குச்சியோடு விற்கப்படும் ஃபேர்லைட் ஒலியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் வாத்தியம் என்பது கேட்பது மட்டுமல்ல, கை வைப்பதும்தானே. வீணையின் தந்திகளை மட்டும் வைத்துக்கொண்டு மேளத்தை எடுத்துவிட்டால் அது வீணையா? ஃபேர்லைட்காரர்களே சீரிஸ் மூன்றில் லைட் பென்னைக் கைவிட்டு, கீபோர்டின் மேல் ஒரு வரைபலகையைக் கொண்டுவந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் ஒரு கையை எடுத்துவிட்டு இன்னொரு கையைக் கொடுத்தார்கள். வெறும் எல்சிடி அதைச் செய்வதில்லை.

எந்த வருடத்து ஒரிஜினல்?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். 'நீங்கள் ஒரிஜினல் ஒரிஜினல் என்கிறீர்கள். எந்த வருடத்து ஒரிஜினல்?'

நல்ல கேள்வி. இவை ஒரு தடவை செய்து முடித்த வயலின் மாதிரி இல்லை. ஃபேர்லைட் சீரிஸ் ஒன்று வாங்கியவர்கள் கார்டுகளை மாற்றி சீரிஸ் இரண்டாக்கிக்கொண்டார்கள். 1983-ல் மிடி வசதியோடு டூ-எக்ஸ் வந்தபோது அதற்கும் மாறினார்கள். சிங்க்ளேவியர் இன்னும் மோசம், அல்லது இன்னும் நேர்மை. எஃப்எம் வாத்தியமாக ஆரம்பித்து, 1982-ல் டிஸ்க்கில் சாம்பிள் பதிவு, பிறகு பல குரல் சாம்ப்ளிங், அழுத்தம் உணரும் 76 கட்டைக் கீபோர்டு, பழைய முனையத்துக்குப் பதில் மேக்கிண்டாஷ் என்று வளர்ந்துகொண்டே போனது. கம்பெனியே அதை வாத்தியம் என்பதைவிட ஒரு சிஸ்டமாகத்தான் விற்றது. அப்கிரேட் என்பது இந்தப் பெட்டிகளின் ரத்தத்திலேயே இருக்கிறது.

அதனால்தான் வருடத்தை அளவுகோலாக வைப்பது சரிவராது என்கிறேன். 1980-ல் இருந்தபடி அப்படியே வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு மாற்றம் 1984-ல் நடந்ததா 2015-ல் நடந்ததா என்பதைவிட, அது என்ன செய்தது, அதைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதுதான் முக்கியம். கழற்றிய பாகம் பெட்டியோடு வருகிறதா? சர்க்யூட் போர்டை வெட்டினார்களா, அல்லது ஒரு கனெக்டரைக் கழற்றி இன்னொன்றை மாட்டினார்களா?

மென்பொருள் வேலையில் இருப்பவன் என்பதால் எனக்குத் தோன்றும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஃபேர்லைட் கார்டுகளிலும் சிங்க்ளேவியரின் கம்ப்யூட்டரிலும் பெரும்பாலும் அன்று கடையில் கிடைத்த சாதாரண லாஜிக் சிப்கள்தான். சர்க்யூட் வரைபடம் இருந்தால், பொறுமை உள்ள எவரும் ஆசிலோஸ்கோப் வைத்துக்கொண்டு பழுதைத் தேடலாம். ஒரு தனி ஆள் வடிவமைத்த நவீன மாற்று கார்டு அப்படியல்ல. நடுவில் ஒரே ஒரு பெரிய சிப், அதற்குள் அவர் எழுதிய நிரல். அந்த மூலநிரல் அவருடைய கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது என்றால், அவர் கடையை மூடும் நாளில் உங்கள் அப்கிரேட் அநாதை. நாற்பது வருடத்துக்கு முந்தைய கார்டைப் பழுதுபார்க்க முடிகிறது, போன வருடத்துக் கார்டை முடியவில்லை என்ற தலைகீழ் நிலைமை இப்படித்தான் வருகிறது. ஆபீஸில் பழைய சிஸ்டங்களைப் புதிதுக்கு மாற்றும் வேலை செய்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. ஆவணம் இல்லாத அப்கிரேட் நாளைய பழுது.

டிஸ்க்கில் இருப்பது யாருடையது?

விளம்பரங்களில் நான் தேடித்தேடிப் பார்ப்பது ஒரு வரி: அந்தப் பெட்டியோடு வந்த பழைய டிஸ்க்குகள் என்ன ஆயின? பெரும்பாலும் பதில் இருக்காது. 'ஆயிரக்கணக்கான ஒலிகள் கொண்ட நூலகம் இலவசம்' என்றுதான் இருக்கும்.

இந்தப் பெட்டிகள் பல, ஸ்டூடியோக்களில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவை. அவற்றின் ஃப்ளாப்பிகளில் அந்த ஸ்டூடியோவில் யாரோ பதிவு செய்த ஒலிகளும், பாதியில் விட்ட சீக்வென்ஸ்களும் இருக்கலாம். ஃபிராங்க் ஸாப்பாவின் 1986 ஆல்பமான 'ஜாஸ் ஃப்ரம் ஹெல்'-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டைத் தவிர மற்ற எல்லாம் சிங்க்ளேவியரில் உருவானவை. அந்த மாதிரி வேலைக்குக் கையெழுத்துப் பிரதி என்று ஒன்று இருந்தால் அது காகிதத்தில் இல்லை, டிஸ்க்கில். பழைய ஹார்ட் டிஸ்க்கை எறிந்துவிட்டுப் புது எஸ்டி கார்டில் பொது நூலகத்தை ஏற்றுவது, ஓலைச்சுவடியைக் குப்பையில் போட்டுவிட்டு அச்சுப் புத்தகம் கொடுப்பது போல. புத்தகம் வசதிதான். சுவடி போனது போனதுதான்.

பவர் சப்ளையைத் திரும்பச் செய்துகொள்ளலாம். கடிகாரத்தைக்கூட வரைபடம் வைத்துத் திரும்பக் கட்டலாம். காந்தப் படலத்தில் ஒருவர் விட்டுப்போனதை ஒருமுறை அழித்துவிட்டால் யாராலும் ரெஸ்டோர் செய்ய முடியாது. என்னைக் கேட்டால் ஒரு டிஸ்க்கைப் படி எடுப்பதற்கு முன் எந்த அப்கிரேடும் தொடங்கக்கூடாது.

அப்படியானால் எதற்கு வாங்குவது?

இன்று இரண்டுக்கும் மென்பொருள் வடிவம் உண்டு. அர்டூரியா 2016-ல் சிங்க்ளேவியரையும், 2017-ல் ஃபேர்லைட்டையும் வெளியிட்டது. சிங்க்ளேவியர் வடிவத்தில் கேமரன் ஜோன்ஸே பங்கெடுத்தார். லேப்டாப்பில் ஓடும், எடை கிடையாது, கெப்பாசிட்டர் காயாது. அந்த ஒலியின் சாயல் வேண்டும் என்பவருக்கு அதுவே போதும்.

விற்பவர்கள் இங்கேதான் தங்கள் வாதத்தாலேயே மாட்டிக்கொள்கிறார்கள். கடிகாரமும் ஃபில்டரும் நவீனம், பேனா இல்லை, பழைய டிஸ்க் இல்லை, உள்ளே யாருக்கும் புரியாத புது கார்டு. இப்படி எல்லாம் மாறிய பெட்டி ஒரு மென்பொருளோடுதான் போட்டி போடுகிறது. விலையிலும் எடையிலும் அது தோற்கும். பெட்டியை வாங்குவதற்கு ஒரே நியாயம், மென்பொருள் தோராயமாகச் செய்வதை அது நிஜமாகவே செய்கிறது என்பதுதான். அந்த நியாயத்தைக் கழற்றி எடுத்துவிட்டு, அதற்கும் சேர்த்துப் பணம் கேட்கிறார்கள்.

நல்ல பட்டறைகளும் இருக்கின்றன. மாற்றிய பாகங்களைப் பட்டியலிட்டு, கழற்றியதைப் பையில் போட்டு, டிஸ்க்குகளின் படியையும் கையில் தருபவர்கள். அவர்கள் விளம்பரத்தில் 'முழுமையாக' என்ற சொல் குறைவாகவே வரும். எதை மாற்றவில்லை என்பதையும் எழுதியிருப்பார்கள். நீங்கள் எப்போதாவது இப்படி ஒன்றை வாங்கும் நிலைக்கு வந்தால், முதலில் அந்தப் பட்டியலைத் தேடுங்கள்.