பரிவுச் சுற்று: பெயர் காட்டுவதும் மறைப்பதும்

விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்பிக்க முனைந்தபோது கலைச்சொல்லாக்கமே முதற்பணியாயிற்று. அப்பணியின் பெருமை மறுக்கற்பாலதன்று. ஆயின், சொல்லை ஆக்கியதோடு விளக்கம் முற்றுப்பெறுவதில்லை. தூண்டி, கொள்ளளவி, பரிவு ஆகிய சொற்களும் அவற்றைப் பிணைக்கும் சூத்திரமும் கற்போனுக்கு எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

தூண்டி என்னும் பெயர், செயலொன்றைக் கிளர்த்திவிடும் பொருளை நினைவூட்டும். சுற்றில் அது செய்யும் தொழிலோ இதற்கு மாறானது. தன்னூடு பாயும் ஓட்டம் கூடுங்கால் அதனை எதிர்க்கும். குறையுங்கால் அதனைத் தாங்கிநிற்க முயலும். இயக்கவியலில் திணிவின் சடத்துவம் எதுவோ, மின்சுற்றில் தூண்டி அதுவாகும். கொள்ளளவி என்னும் பெயரும், குடத்தில் நீர் நிறைவதுபோல் ஏற்றம் நிறைவதாக எண்ண இடந்தருகிறது. உண்மையில் ஒரு தட்டிற் சேரும் ஏற்றத்துக்குச் சமமான ஏற்றம் மற்றத் தட்டினின்றும் நீங்குகிறது. சேமிக்கப்படுவது மின்புலத்தின் சக்தியே. எனவே குடத்தினும், இழுத்துப் பிடித்த வில்லே அதற்குத் தக்க உவமையாகும்.

இவ்விரண்டும் இணையுமிடத்துச் சக்தி மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்குமிடையே மாறி மாறிச் செல்கிறது. இவ்வலைவை 1853இல் வில்லியம் தொம்சன் கணிதமுறையில் விளக்கினார். 1889இல் ஒலிவர் லொட்ஜ், இலெய்டன் சாடிகள் கொண்ட இரு சுற்றுகளை ஒரே மீடிறனுக்கு இசைத்து, ஒன்றின் பொறி மற்றதிலும் பொறி எழுப்புவதைக் காட்டினார். தமிழகத்தில் வழங்கும் ஒத்ததிர்வு என்னும் சொல் மீடிறன்களின் ஒப்புமையைச் சுட்டும். நாம் வழங்கும் பரிவு, ஒன்றின் துடிப்புக்கு மற்றது இரங்கி எழுவதைச் சுட்டும். நிகழ்வின் உயிர்நிலை பின்னதிலேயே உளது. எனினும், அப்பரிவு எத்துணைத்து என்பதை அச்சொல்லும் உரைப்பதில்லை.

சூத்திரத்தின் குறையும் இதுவே. 200 மைக்கிரோ என்றித் தூண்டியையும் 127 பிக்கோ பரட்டுக் கொள்ளளவியையும் தொடராக இணைத்தால், பரிவு மீடிறன் ஏறத்தாழ 1000 கிலோஏட்சு ஆகும். சுற்றின் தடை 12.5 ஓமாயினும் 125 ஓமாயினும் இவ்விடை மாறாது. ஆயின் முதற் சுற்றில், பரிவின்போது கொள்ளளவிக்குக் குறுக்கேயுள்ள அழுத்தம் முதலின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 100 மடங்காகும். இரண்டாவதில் 10 மடங்கே. தூண்டியும் கொள்ளளவியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன என்று மட்டும் கற்ற மாணவன், இவ்வுயர் அழுத்தங்கள் இருப்பதையே அறியான். அழிவது அவற்றின் கூட்டுத்தொகையேயன்றி அவையல்ல.

மேலும், முதற் சுற்று ஏறத்தாழ 10 கிலோஏட்சு அகலமான பட்டையைத் தெரிவுசெய்யும்; இரண்டாவது 100 கிலோஏட்சு அகலத்துக்கு இடங்கொடுக்கும். ஆசியாவில் மத்திய அலை நிலையங்களுக்கு 1978 முதல் 9 கிலோஏட்சு இடைவெளியே வகுக்கப்பட்டுள்ளது. எனவே இரண்டாவது சுற்றை மட்டும் நம்பிய வானொலியில் அயல் நிலையங்கள் பலவும் கலந்தொலிக்கும். சூத்திரத்தை மட்டும் அறிந்தவனுக்கோ இரு வானொலிகளும் ஒன்றே.

சொற்களை மாற்றுக என்பது எமது வாதமன்று. வேரூன்றிய சொற்களை மாற்றுவது குழப்பத்தையே வளர்க்கும். ஒவ்வொரு சொல்லோடும் அப்பொருளின் தொழிலை உரைத்து, சூத்திரத்தோடு தடையின் பங்கையும் சேர்த்துக் கற்பித்தலே வேண்டுவது. மீடிறன் யாது என வினவும் தேர்வுத்தாள், சக்தி எங்கே இழக்கப்படுகிறது எனவும் வினவுதல் வேண்டும்.