அட்டோ 3: மலை சுற்றி ஒரு சோதனை ஓட்டம்

சீன நிறுவனமான பி.ஒய்.டி.யின் மின்சாரக் கார் அட்டோ 3 இந்தியாவுக்கு வந்தது 2022 நவம்பரில். சீனாவிலிருந்து பாதி பூட்டிய நிலையில் இறங்கி, ஸ்ரீபெரும்புதூரில் முழு வண்டியாகும் ஏற்பாடு. முழுக் காராகவே இறக்கினால் 70 சதவீதத்துக்குக் குறையாத சுங்க வரி. அதைத் தவிர்க்கத்தான் இந்தச் சுற்று வழி.

நண்பரின் 60.48 கிலோவாட்-மணி பேட்டரி வண்டியை வாங்கிக்கொண்டு சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ஓட்டினேன். இழுவையில் குறையே இல்லை. லாரியை முந்த யோசிக்கவே வேண்டாம். காகிதத்தில் ஒரு சார்ஜுக்கு 521 கி.மீ. ஏ.சி. போட்டு 90-ல் போனதில், ஊர் சேரும்போது பாதிக்கும் சற்றுக் குறைவாகவே மிச்சம். சார்ஜ் போடாமல் சென்னை திரும்ப முடியாது.

இரவு தங்கிய லாட்ஜில், சார்ஜிங் ஒயரைப் பார்த்ததும் மேனேஜர் முகம் சுளித்தார். "சைனா வண்டியா சார்? வேலூர்ல நடந்தது தெரியும்ல?"

தெரியும். 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டின் தொடர் விபத்துகளுக்குப் பிறகுதான் மத்திய அரசு பேட்டரிக்கான ஏ.ஐ.எஸ்-156 விதிகளை இறுக்கியது.

அட்டோ 3-ல் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. நிக்கல் கலந்த வகையைவிட அதிக வெப்பம் தாங்கும். சூடேறினாலும் எளிதில் ஆக்சிஜனை விடாது. யூரோ என்கேப் மோதல் சோதனையில் வண்டிக்கு ஐந்து நட்சத்திரம். இதையெல்லாம் சொல்லி மேனேஜரைச் சம்மதிக்க வைத்து பிளக்கைச் சொருகினால், சார்ஜரில் சிவப்பு விளக்கு. சுவர் பாயிண்டில் எர்த்தே இல்லை! எலக்ட்ரீஷியன் வந்து ஏ.சி. லைனிலிருந்து இழுத்துக் கொடுத்த பிறகுதான் சார்ஜ் ஏறியது. நம் ஊர் லாட்ஜ்களில் நான் பயப்படுவது பேட்டரிக்கு அல்ல, பழைய ஒயரிங்குக்குத்தான்.

விடியலில் கிரிவலப் பாதை. பௌர்ணமி இல்லாத நாளிலும் 14 கி.மீ. முழுக்க வெறுங்காலோடு நடப்பவர்கள், மாடுகள், சாதுக்கள். மெதுவாகப் போகும்போது வண்டி ஒரு செயற்கை முனகலை எழுப்புகிறது. குபேர லிங்கத்தருகே ஒரு பாட்டி அதைச் சட்டையே செய்யவில்லை. பின்னால் வந்த ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்ததும் ஒதுங்கினார். இப்படி எச்சரிக்கை ஒலி எழுப்புவதை மின்சாரக் கார்களுக்குக் கட்டாயமாக்கும் வரைவு விதியை 2025 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்டது. ஒலி எந்த அளவில் என்று முடிவு செய்பவர்கள் ஒருமுறை இங்கே வந்து நடக்கலாம்.

தேரடி வீதி நெரிசலில் 360 டிகிரி கேமரா தெய்வம் மாதிரி. பூக்கூடை, செருப்பு ஸ்டாண்ட், குறுக்கே நிற்கும் டூவீலர் எல்லாம் திரையில் தெரிகிறது. ஆனால் வேறு யாருக்கும் தெரியுமா? வெற்றுச் சந்தேகம் என்று இதைத் தள்ள முடியவில்லை. 2025-ல் நார்வேயின் ரூட்டர் போக்குவரத்து நிறுவனம் தன் சீன யூட்டாங் பேருந்தைச் சோதித்தபோது, சிம் வழியாகத் தயாரிப்பாளரால் தூரத்திலிருந்தே பேருந்தின் மென்பொருளை அணுக முடியும் என்று தெரிந்தது. கேமராக்கள் மட்டும் இணையத்தோடு இணைக்கப்படவில்லையாம். அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா, 2027 மாடல் முதல் கார்களின் இணைப்பு வசதிகளில் சீன மென்பொருளுக்குத் தடை விதித்தது. இங்கே தெருமுனை சிசிடிவிக்கு 2025 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். நகரும் கேமராவுக்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்பேன்.

எனக்குப் பெரிய கவலை இந்திய-சீன வியாபாரத் தகராறுதான். 2020 ஏப்ரல் முதல், சீனா போல நம்மோடு நில எல்லை பகிரும் நாடுகளின் முதலீட்டுக்கு அரசு அனுமதி வேண்டும். பி.ஒய்.டி.யும் ஐதராபாத்தின் மேகா எஞ்சினியரிங்கும் கேட்ட நூறு கோடி டாலர் ஆலை 2023-ல் நிராகரிக்கப்பட்டது. பேட்டரிக்கு எட்டு ஆண்டு வாரண்டி தருகிறார்கள், சரி. எட்டு ஆண்டும் டெல்லியும் பெய்ஜிங்கும் பேச்சுவார்த்தையில் இருக்குமா?

உள்ளூர் வண்டி வாங்கித் தப்பிக்கலாம் என்றால் அதுவும் முழுசாக நடக்காது. 2025 ஏப்ரலில் அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதியைச் சீனா இறுக்கியதும் இந்திய மின்சார ஸ்கூட்டர் ஆலைகளே திண்டாடின.

ஓட்ட, உட்கார, மலை சுற்ற அருமையான கார். வாங்குவதானால் முன்கண்ணாடி, பம்பர், சார்ஜிங் போர்ட் எத்தனை நாளில் கிடைக்கும் என்று டீலரிடம் எழுத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸில் பேட்டரிக்குத் தனிக் காப்பு உண்டா என்றும் பாருங்கள். காரின் செயலி கேட்கும் மைக் அனுமதியை நான் கொடுக்கவில்லை. வண்டி ஒழுங்காகவே ஓடியது.