புனைகதையும் அரசாங்க அறிக்கையும்

தனிமனிதன் ஒருவனது மனச்சாட்சியை மையமாகக் கொண்ட கதை, ஒரு நிறுவனத்தின் கொடுமையை வேரோடு காட்டவல்லதா? முற்போக்கு விமர்சகர் நெடுங்காலமாக எழுப்பிவரும் வினா இது. அயர்லாந்து எழுத்தாளர் கிளேர் கீகன் 2021 இல் வெளியிட்ட 'ஸ்மோல் திங்ஸ் லைக் தீஸ்' என்னும் குறுநாவல் இவ்வினாவை மீண்டும் நம்முன் வைக்கின்றது. அரசியற் புனைகதைக்கான ஓர்வெல் பரிசை 2022 இல் பெற்ற இந்நூலை, அந்நாட்டு ஆணைக்குழு ஒன்று 2009 இல் வெளியிட்ட அறிக்கையோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அதன் பெருமையும் எல்லையும் ஒருங்கே புலனாகின்றன.

கதை 1985 ஆம் ஆண்டு நத்தார் காலத்தில் நிகழ்கின்றது. சிறுபட்டினம் ஒன்றில் நிலக்கரியும் விறகும் விற்றுப் பிழைக்கும் பில் பர்லோங், கன்னியர் மடத்துக்கு நிலக்கரி கொண்டுசெல்கிறான். கரிக்கொட்டிலைத் திறந்தவன், குளிரிலே பூட்டிவைக்கப்பட்டிருக்கும் இளம்பெண் ஒருத்தியைக் காண்கிறான். அவள் பெற்ற குழந்தை அவளிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. மடத்தை அடுத்துள்ளது, பெண்களை ஊதியமின்றி வேலைவாங்கிய 'மக்தலேனா' சலவைச்சாலைகளுள் ஒன்று. இத்தகைய சலவைச்சாலைகளுள் இறுதியானது மூடப்பட்டது 1996 இல் என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

கீகனின் வெற்றி, கொடுமையை வருணிப்பதில் இல்லை. மௌனத்தின் பொருளாதார அடிப்படையை அவர் காட்டும் முறையிலேயே உள்ளது. மடம் பர்லோங்கின் நல்ல வாடிக்கையாளர். அவனுடைய ஐந்து பெண்மக்களும் படித்து முன்னேறத்தக்க பாடசாலை மடத்தின் மதிலை ஒட்டியே நிற்கின்றது. மடத்துத் தலைவி அவனை மிரட்டவில்லை. தேநீர் கொடுக்கிறாள், இளைய பெண்களின் படிப்பைப்பற்றி விசாரிக்கிறாள், நத்தார் உறையொன்றில் பணம் வைத்து நீட்டுகிறாள். அவ்வளவே போதும். ஊரார் தீயவர்களல்லர், ஒவ்வொருவருடைய சோற்றுக்கும் மடத்துக்கும் ஏதோவொரு தொடர்பு உண்டு. இவ்வுண்மையை ஓரிரு உரையாடல்களில் உணர்த்தியமையாலேயே இந்நூல் இரக்கக் கதை என்னும் நிலையைக் கடந்து சமுதாய விமர்சனமாகின்றது.

ஆயினும் கதை பர்லோங் அப்பெண்ணைத் தன் வீட்டு வாயில்வரை அழைத்துவருவதோடு முடிவடைகின்றது. அரசு கதையில் ஒரு பாத்திரமாக வருவதேயில்லை. இதனைக் குறையெனச் சிலர் கூறக்கூடும். சலவைச்சாலைகள்பற்றி 2013 இல் வெளியான அறிக்கை, அங்குப் பெண்கள் அனுப்பப்பட்டவற்றுள் நாலிலொரு பங்குக்கு மேற்பட்டவற்றில் அரசுக்குத் தொடர்பிருந்ததை உறுதிசெய்தது. எனினும் வாயிலுக்கு அப்பால் நடக்கவேண்டியதை நாவலாசிரியரிடம் கேட்பது முறையன்று. அது அரசு எழுதவேண்டிய அத்தியாயம். அரசு அதனை எவ்வாறு எழுதிற்று?

அதற்கு விடை, சலவைச்சாலைகளுக்கு அண்டை நிறுவனங்களான கைத்தொழிற் பாடசாலைகளின் வரலாற்றில் உண்டு. துறவறச் சபைகள் நடத்திய இப்பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பியவை நீதிமன்றங்கள். தலைக்கு இவ்வளவு எனப் பணம் கொடுத்தது அரசு. அவர்களுட் பெரும்பாலோர் செய்த குற்றம் வறுமையன்றி வேறில்லை. ஆகவே இதனை ஒரு மதத்தின் குற்றமாக மட்டும் காண்பவர், வர்க்கத்தையும் அரசையும் தப்பவிடுகின்றனர். அக்காலத்தில் எவருக்கும் தெரியாதென்ற வாதமும் நில்லாது. அமெரிக்காவிலே 'போய்ஸ் டவுன்' நிறுவிய பிளனகன் அடிகளார் 1946 இல் தம் தாயகமான அயர்லாந்துக்கு வந்து இந்நிறுவனங்களைக் கண்டித்தபோது, நீதியமைச்சர் அவர் கூற்றை நிராகரித்தார்.

மேரி ராப்டரியின் தொலைக்காட்சித் தொடர் 1999 இல் நாட்டை உலுக்கிய பின்னரே பிரதமர் மன்னிப்புக் கோரினார், ஆணைக்குழுவும் பிறந்தது. ஆனால் அதற்குப் பணமும் வசதியும் வழங்கும் பொறுப்பு எத்திணைக்களத்திடம் இருந்தது? விசாரிக்கப்படவேண்டிய கல்வித் திணைக்களத்திடமே. அத்திணைக்களம் ஒத்துழைக்கவில்லையெனக் குறைகூறி, தலைவரான நீதியரசர் மேரி லாபோய் 2003 இல் பதவி விலகினார். குற்றஞ்சாட்டப்பட்டவன் கையிலே நீதிமன்றத்தின் திறப்பு இருந்தது எனலாம்.

நீதியரசர் ஷோன் ரயன் தலைமையில் 2009 மே மாதம் வெளியான ஐந்து தொகுதி அறிக்கை மதிப்பு வாய்ந்தது என்பதில் ஐயமில்லை. அதன் இரகசியக் குழுவிடம் மட்டும் 1,090 பேர் சாட்சியமளித்தனர். 216 நிறுவனங்கள் அவர்தம் வாக்குமூலங்களில் இடம்பெற்றன. ஆசிரியராகிய நாம் கவனிக்கவேண்டிய பகுதி வித்தியாதரிசிகள்பற்றியது. ஐம்பதுக்கு மேற்பட்ட பாடசாலைகளுக்கு ஒருவர். வருகை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. தண்டனைப் பதிவேடு எழுதப்பட்டதா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை. பிள்ளைகளோடு பேசியது மிக அரிது. பார்வையிட்டதாகக் கோவையில் எழுதப்பட்டது, பார்க்கப்படவேண்டியவர் பார்க்கப்படவில்லை.

இவ்வளவையும் கூறும் அறிக்கை ஓரிடத்தில் வாய்மூடுகின்றது. கிறிஸ்தவ சகோதரர் சபை தொடுத்த வழக்கையடுத்து, கொடுமை புரிந்தோர் அதில் புனைபெயர்களிலேயே தோன்றுகின்றனர். ஈண்டு ஒரு விபரீதத்தைக் காண்கிறோம். கீகன் புனைபெயர்களைக் கொண்டு உண்மையை வெளிப்படுத்துகிறார். அரசாங்க ஆவணமோ உண்மைச் சம்பவங்களைக் கூறிப் புனைபெயர்களால் பொறுப்பை மறைக்கின்றது.

மறைப்பு அத்துடன் நிற்கவில்லை. 2002 இல் துறவறச் சபைகள் 12 கோடி 80 இலட்சம் யூரோ அளவில் தம் கடனை வரையறுத்துக்கொள்ள, மீதிச் சுமையை அரசு ஏற்றது. மொத்தச் செலவு சுமார் 150 கோடி யூரோ எனப் பின்னர் மதிப்பிடப்பட்டது. அதே ஆண்டின் நட்டஈட்டுச் சட்டம், நட்டஈடு பெற்றோர் தம் விண்ணப்பம்பற்றிய விவரங்களை வெளியிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. 2019 இல் ஒரு சட்டமூலம் இவ்விசாரணைகளின் ஆவணங்களை 75 ஆண்டுகளுக்குப் பூட்டிவைக்க முயன்றது. பாதிக்கப்பட்டோர் எதிர்த்தனர், பாராளுமன்றம் 2020 இல் கலைக்கப்படவே அது காலாவதியாயிற்று. எழுபத்தைந்து ஆண்டுகள் என்பது சாட்சிகள் யாவரும் இறக்கப் போதுமான காலம். தாய்-சேய் இல்லங்கள்பற்றிய பிறிதோர் ஆணைக்குழுவின் அறிக்கை 2021 இல் வெளிவந்தபின், ஏறத்தாழ 550 சாட்சிகளின் குரற்பதிவுகள் அழிக்கப்பட்டமை தெரியவந்தது. எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே அவை மீட்கப்பட்டன.

இவற்றை நோக்குமிடத்து ஒன்று தெளிவாகின்றது. ஆணைக்குழு அமைப்பதும் மன்னிப்புக் கோருவதும் பொறுப்புக்கூறலின் தொடக்கமேயன்றி அதன் நிறைவல்ல. எந்நாட்டில் இத்தகைய விசாரணை அறிவிக்கப்பட்டாலும் மக்கள் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். விசாரணையின் பணப்பை யார் கையில்? அறிக்கையில் யாருடைய பெயர் இல்லை? சாட்சியம் யாருக்குச் சொந்தம்?

பர்லோங் செய்தது ஒரு பூட்டைத் திறந்தது. அவனுக்கு அதனால் இழப்பதற்கு நிறைய இருந்தது, இருந்தும் திறந்தான். கோவைகளின் திறப்பை வைத்திருக்கும் அரசுக்கு இழப்பதற்கு எதுவுமில்லை, மதிப்பைத் தவிர. குறுநாவல் ஒரு மனிதனிடம் கேட்ட துணிவை, அரசிடம் கேட்கவேண்டியவர்கள் வாசகராகிய நாமே.