உமர் கய்யாமின் அரை ரொட்டி

தமிழில் பாரசீக இலக்கியம் என்றால் உமர் கய்யாம். உமர் கய்யாம் என்றால் கவிமணி. நம்மில் பெரும்பாலோருக்கு விஷயம் இதோடு முடிந்துவிடுகிறது. ஒரு மர நிழல், ஒரு மதுக் கிண்ணம், ஒரு புத்தகம், பக்கத்தில் ஓர் அழகி. இந்தக் காட்சியை வாரப் பத்திரிகைகளின் அட்டைப் படத்திலும் காலண்டரிலும் பார்த்துப் பார்த்து நமக்கு அலுத்துக்கூடப் போய்விட்டது. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட ஓர் இலக்கியம் ஒரு காலண்டர்ப் படமாகச் சுருங்கிவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. அந்தப் படமும் கய்யாம் எழுதிக் காட்டிய படம் அல்ல என்பதில் இன்னும் கொஞ்சம் அதிக வருத்தம்.

கவிமணியைக் குறை சொல்ல நான் வரவில்லை. 'ஆசிய ஜோதி'யை 1941-லும் 'உமார் கய்யாம் பாடல்க'ளை 1945-லும் தந்த தேசிகவிநாயகம் பிள்ளையவர்களைப் போல, வேற்றுமொழிச் சரக்கு என்ற வாசனையே தெரியாமல் தமிழாக்கியவர்கள் நம்மிடையே மிகச் சிலர்தான். ஆனால் அவர் கையில் இருந்த மூலம் பாரசீகம் அல்ல, ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தின் கதையே ஒரு நாவலுக்குரியது. கவெல் என்ற அறிஞர், ஆக்ஸ்போர்டில் கண்டெடுத்த 158 பாடல்கள் கொண்ட சுவடி ஒன்றையும், கல்கத்தாவுக்கு உத்தியோகமாக வந்த பிறகு அங்கே கிடைத்த இன்னொரு சுவடியையும் பிரதி எடுத்துத் தம் நண்பர் ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு அனுப்பினார். 1859-ல் நண்பர் பெயர் போடாமல் 250 பிரதி அச்சிட்டார். யாரும் வாங்கவில்லை. கடைக்காரர் அதைக் காலணாப் புத்தகப் பெட்டியில் தள்ளிவிட்டார். அந்தப் பெட்டியிலிருந்து அதை எடுத்துக் கவிஞர் ரோஸெட்டியிடம் சேர்ப்பித்தவர் விட்லி ஸ்டோக்ஸ் என்ற வக்கீல். அதே ஸ்டோக்ஸ் பிறகு சென்னைக்கு வந்தார். 1862-ல் இங்கேயே அந்த நூலைத் தனிப்பட்ட முறையில் சில பிரதிகள் அச்சிட்டும் விட்டார். ஆசிரியர் அனுமதி என்ற பேச்சே கிடையாது! ஆங்கில உலகம் கய்யாமைக் கண்டுகொள்ளாத காலத்திலேயே, சென்னை அச்சுக்கூடம் ஒன்றில் கய்யாம் மையில் நனைந்துவிட்டார். நம் ஊர்க் கவிகள் அவரைத் திரும்பிப் பார்க்க இன்னும் பல பத்து ஆண்டுகள் ஆயின.

இப்போது அந்த மரநிழல் பாட்டுக்கு வருவோம். எல்லோருக்கும் தெரிந்த பாட்டு அது. ஃபிட்ஸ்ஜெரால்டு அதைப் பாரசீகப் பாடல் இரண்டைச் சேர்த்துப் பிசைந்து செய்தார் என்பது ஆராய்ச்சியாளர்கள் கண்ட முடிவு. அந்த இரண்டையும் சொல்லுக்குச் சொல் அர்த்தம் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. முதல் பாட்டில் ஒருவன் நல்ல கோதுமை ரொட்டி, இரண்டு 'மன்' மது, ஓர் ஆட்டுத்தொடை ஆகிய மூன்றும் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறான். (பாரசீக 'மன்' நம் மணங்கைவிடச் சிறியது, ஆகவே வாசகர்கள் பயப்பட வேண்டாம்.) இரண்டாவது பாட்டில் ஆட்டுத்தொடை இல்லை. ஒரு குப்பி மதுவும் ஒரு கவிதைத் தொகுதியும் வேண்டும் என்கிறான். உயிரைப் பிடித்து வைத்துக்கொள்ள அரை ரொட்டி போதும் என்கிறான். இரண்டு பாட்டிலும் துணையோடு அவன் உட்கார நினைக்கிற இடம் தோட்டம் அல்ல. 'வீரானி', அதாவது பாழிடம். இரண்டு பாட்டும் முடிகிற இடத்தில் ஒரு சுல்தான் வருகிறான். அந்தச் சுகம் சுல்தானுக்கும் எட்டாது, அவன் ராஜ்யத்தைவிட மேலானது என்று சொல்லிக் கவி நிறுத்திவிடுகிறார்.

ஃபிட்ஸ்ஜெரால்டு என்ன செய்தார்? ஆட்டுத்தொடையை எடுத்துவிட்டார். விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் காதலியின் பக்கத்தில் இறைச்சி நன்றாக இராது என்று நினைத்திருப்பார். பாழிடம் ஆளில்லாத காடாயிற்று. அதில் ஒரு மரக்கிளையும் முளைத்தது. சுல்தானின் ராஜ்யம் போய் அங்கே சொர்க்கம் வந்தது. ரொட்டியை மட்டும் விட்டுவைத்தார். அடுத்து நம் கவிமணி. காடு நிழல் உள்ள வனமாயிற்று. தென்றல் புதிதாக வந்து வீசிற்று. ஆங்கிலத்தில் வெறும் கவிதைப் புத்தகம் என்று இருந்த இடத்தில் அவர் கம்பனைக் கொண்டுவந்து வைத்தார். அந்தத் துணிச்சலை நான் எத்தனை முறை படித்தாலும் ரசிப்பேன். பாட்டுக்களும் தெய்வப் பாட்டுக்களாயின. ரொட்டியைத்தான் காணோம்! ஆட்டுத்தொடை இங்கிலாந்தில் போயிற்று, ரொட்டி நாகர்கோவிலில் போயிற்று.

இது வெறும் வேடிக்கை என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. சாப்பாடு போனதோடு வேறொன்றும் போய்விட்டது. பாரசீகப் பாடல்களில் எதுவும் இல்லை. எல்லாம் கிடைத்தால், வேண்டும் என்ற ஆசையில்தான் இருக்கிறது. தமிழ்ப் பாட்டில் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டிவிட்டு, இதைவிடச் சொர்க்கம் வேறு ஏது என்கிறார் கவிஞர். ஒன்று இல்லாதவனின் கனவு, மற்றொன்று உள்ளவனின் திருப்தி. பாழிடத்தில் அரை ரொட்டியோடு உட்கார்ந்து சுல்தானை நோக்கிச் சிரிப்பவனின் குரலும், தென்றலில் சாய்ந்து கம்பனைப் புரட்டுபவரின் குரலும் ஒன்றாகுமா? கவிமணி பிறந்த தேரூரும் அதைச் சுற்றிய நாஞ்சில் நாடும் வயலும் குளமும் நிறைந்த பூமி. வனம் என்றால் அங்கே நிழலும் காற்றும் கேட்காமலே வந்துவிடும். அவர் மேல் தப்பில்லை.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் சாலையில் ஆமத்தூர் என்று ஓர் ஊர். அங்கே எனக்கு ஒரு வாசக நண்பர் உண்டு. கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் போட்டு, மழைக்காக வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்த மனிதர். இந்த இரண்டு பாரசீகப் பாடல்களின் பொருளை அவரிடம் சொன்னேன். "அண்ணாச்சி, இது நம்ம காட்டுப் பாட்டு மாதிரில்ல இருக்கு! நெழலும் தென்றலும் இங்க யாரு கண்டா? தரிசு, அரை வயித்துக் கஞ்சி, ஆசை மட்டும் ரெண்டு மணங்கு" என்றார். கய்யாமைப் பற்றி நான் படித்த விமரிசனங்களில் இதைவிடச் சுருக்கமானது இல்லை.

அதோடு அவர் விடவில்லை. "அவரு குடிகாரரா, சித்தரா, அதச் சொல்லுங்க" என்றார். தமிழன் எவனும் கேட்கக்கூடிய கேள்விதான். கள் என்றால் அது ஞானக் கள், பெண் என்றால் அது வாலைப் பெண் என்று அர்த்தம் பண்ணிப் பழகியவர்கள் நாம். கய்யாமின் மதுவும் இறைவன் மேல் கொண்ட காதல்தான் என்று ஐரோப்பாவிலும் வாதித்திருக்கிறார்கள். 1867-ல் பிரெஞ்சில் மொழிபெயர்த்த நிக்கலா அந்தக் கட்சி. ஃபிட்ஸ்ஜெரால்டு அதை ஏற்கவில்லை. இந்த வழக்கில் எனக்கு முக்கியமாகப் படுகிற சாட்சி ஒரு சூபி ஞானியே. கய்யாம் இறந்து நூறு வருஷம்கூட ஆகாத 1223-ல் நஜ்முத்தீன் ராஸி என்பவர் தம் நூலில் கய்யாமின் பாடல்கள் இரண்டை எடுத்துக் காட்டுகிறார். புகழ்வதற்கு அல்ல, வழி தவறிய தத்துவக்காரன் எப்படிப் பேசுவான் என்பதற்கு உதாரணமாக! சித்தர் கூட்டமே அவரைத் தம்மவர் என்று சொல்லாதபோது நாம் ஏன் வலிந்து காவி கட்டவேண்டும்?

குடிகாரரும் அல்ல. 1048-ல் நிஷாப்பூரில் பிறந்து 1131-ல் மறைந்த கய்யாம், தம் காலத்தில் கணித மேதை என்றே பெயர் வாங்கியவர். மூன்றாம் படிச் சமன்பாடுகளை வளைகோடுகளைக் கொண்டு தீர்த்தவர். சுல்தான் மலிக்ஷா அமர்த்திய வானியலார் கூட்டத்தில் இருந்து, 1079-ல் வழக்குக்கு வந்த ஜலாலி பஞ்சாங்கத்துக்குக் கணக்குப் போட்டவர். நட்சத்திரங்களை அளந்தவன்தான், அந்த நட்சத்திரங்கள் தன்னைக் கொஞ்சமும் லட்சியம் செய்யவில்லை என்பதையும் அறிவான். அந்தப் பாடல்களில் உள்ள கசப்பு அத்தகைய அறிவிலிருந்து பிறந்தது என்பது என் அபிப்பிராயம். ஈரான் நாட்டு நாவலாசிரியர் ஸாதிக் ஹிதாயத் 1934-ல் வெளியிட்ட தொகுதியிலும் இந்தக் கசந்த கய்யாமையே தேடி எடுத்திருக்கிறார்.

எல்லாப் பாட்டும் அவருடையதா என்று கேட்டால் பதில் சங்கடமானது. நம் ஊரில் சிலேடை வெண்பா எது கிடைத்தாலும் காளமேகத்தின் தலையில் கட்டிவிடுகிறோமே, அப்படித்தான். துணிச்சலான நாலடி எங்கே கண்டாலும் பாரசீகர்கள் கய்யாம் என்றார்கள். 1897-ல் ஷுகோவ்ஸ்கி என்ற ருஷ்ய அறிஞர், கய்யாம் பெயரில் உள்ள பாடல்களில் எண்பதுக்கு மேற்பட்டவை வேறு கவிகளின் தொகுதிகளிலும் இருப்பதைக் காட்டினார். ஆகவே கய்யாம் என்பதை ஒரு மனிதரின் பெயராக மட்டுமல்ல, ஒரு மனப்பான்மையின் பெயராகவும் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்றும் உண்டு. விடியலில் தொடங்கி நிலா உதயத்தில் முடியும் ஒரே நாள் கதைபோல் அந்தப் பாடல்களைக் கோத்தவர் ஃபிட்ஸ்ஜெரால்டு. பாரசீகச் சுவடிகளில் பெரும்பாலும் இயைபு எழுத்தின் அகர வரிசையில்தான் அவை கிடக்கும். ஒவ்வொன்றும் தனிப்பாடல்.

அந்தத் தனிப்பாடலுக்கு 'ருபாயி' என்று பெயர். நாலு அடி. முதல், இரண்டு, நாலாம் அடிகளின் ஈற்றில் இயைபு. மூன்றாம் அடி மட்டும் இயைபில்லாமல் தொங்கும். வித்தையெல்லாம் அந்த மூன்றாம் அடியில்தான். கேட்பவன் காது எதிர்பார்த்தது வராமல் ஒரு கணம் தவிக்கிறது; நாலாம் அடி வந்து விழுகிறது. நம் வெண்பாவின் கடைசி அடி மூன்றே சீரில் சட்டென்று முறிவதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த ருசி புதிதல்ல. கவிமணி எடுத்துக்கொண்ட விருத்தமோ ஊஞ்சல் ஆடுவதுபோல் ஆடிக்கொண்டே போகிறது. இனிமைக்குக் குறைவில்லை, அடி விழுவதில்லை. வெண்பாவில் இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில சமயம் நினைத்துப் பார்ப்பேன். ஒருவேளை இத்தனை பேர் மனப்பாடம் செய்திருக்கமாட்டார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். நாளைக்கு யாரும் ஜாமீன் நிற்க முடியாது, ஆகவே இன்றைக்கு நிலவொளியில் அருந்து, இந்த நிலா இனி எத்தனையோ முறை ஒளிரும், நம்மைத்தான் காணாது என்ற கருத்தில் ஒரு ருபாயி உண்டு. கருத்து எளிது, யாரும் மொழிபெயர்த்துவிடலாம். ஆனால் பாரசீகத்தில் 'மாஹ்' என்றால் நிலா. 'மா' என்றால் நாம். காதலியையும் நிலாவே என்றுதான் கவி விளிக்கிறார். ஒளிரும் என்ற சொல்லும் காணாது என்ற சொல்லும் ஓசையில் இரட்டைப் பிள்ளைகள். நிலாவுக்கும் நமக்கும் ஒரு மூச்சுத்தான் வித்தியாசம். அந்த மூச்சு போனதும் மேலே நிலா மட்டும் மிச்சம். இதை எந்த மொழியில் கொண்டுவருவது? ஃபிட்ஸ்ஜெரால்டு பக்கத்திலேயே போகவில்லை. கவிமணிக்கு இப்படி ஒன்று இருப்பது தெரியவே வழியில்லை.

அந்தப் பாட்டில் நிலவொளிக்கு வருகிற சொல் 'மாஹ்தாப்'. தமிழ் வாசகருக்கு அந்தச் சொல் அந்நியமல்ல. நம் தீபாவளி 'மத்தாப்பு' அதுதான். ஆமத்தூர்ப் பக்கத்துச் சிவகாசியில் வருஷம் முழுவதும் செய்து பெட்டி பெட்டியாக நாட்டுக்கு அனுப்புகிற பண்டத்தின் பெயர், கய்யாம் பாட்டின் நிலவு. 'குல்கந்'தில் குல் என்பது பாரசீக ரோஜா. ஸாதியின் 'குலிஸ்தா'னில் உள்ள அதே ரோஜா. ஆமத்தூர் நண்பர் தாலுகாக் கச்சேரியில் ஜமாபந்தி, சர்க்கார், தர்க்காஸ்து என்று பேசுகிறாரே, அத்தனையும் பாரசீக வழக்கில் வந்தவை. மொழி வந்தது, வரி வசூலோடு வந்தது, கவிதையோடு வரவில்லை.

வர வழி இல்லாமல் போகவில்லை. டில்லியில் இருந்த பெரும் பாரசீகக் கவி அமீர் குஸ்ரூ, 1311-ல் மாலிக் காபூர் பாண்டிய நாட்டின் மேல் படையெடுத்ததைத் தம் அலங்காரப் பாரசீக உரைநடையில் எழுதிவைத்திருக்கிறார். ஆற்காட்டு நவாபு வாலாஜாவின் சரித்திரம் பாரசீகத்தில்தான் எழுதப்பட்டது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1934 முதல் வெளியிட்டது. நம் முஸ்லிம் புலவர்கள் 'நாமா' என்ற பாரசீகப் பெயரிலேயே தமிழில் நூல்கள் செய்தார்கள். 'ஷாநாமா'வில் வருகிற நாமாதான் அது. பிர்தௌஸி முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து ஏறக்குறைய ஐம்பதாயிரம் ஈரடிகளில் அதைப் பாடி, 1010-ஐ ஒட்டி முடித்தார். அதில் மகன் என்று தெரியாமல் மகனையே கொல்லும் ருஸ்தமின் கதையைப் படித்தவர்கள் பாரசீகக் கவிகள் மதுவையே பாடினார்கள் என்று சொல்லமாட்டார்கள். ஹாபிஸின் கவிதைத் தொகுதியை ஈரானியர் கண்ணை மூடித் திறந்து பலன் பார்ப்பார்களாம். நாம் தேவாரத்தில் கயிறு சாத்திப் பார்ப்பதில்லையா? அத்தார் பறவைகளைத் தங்கள் அரசனான ஸீமுர்க்கைத் தேடி அனுப்புகிறார், கடைசியில் போய்ச் சேருபவை முப்பதுதான்; 'ஸீ முர்க்' என்றால் பாரசீகத்தில் முப்பது பறவைகள் என்றும் பொருள். ஒரு சிலேடையின் மேல் ஒரு காவியத்தையே நிறுத்தியவர்கள் அவர்கள். சிலேடைக்கு உயிரை விடும் நாம் இவர்களிடம் போகாமல் இருந்தது ஆச்சரியம்தான்.

பாரசீகம் தெரிந்த ஒருவரும் வெண்பா கைவந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். நூறு ருபாயிகள் வேண்டாம். கய்யாமுடையவை என்று ஓரளவு நம்பத் தகுந்தவற்றில் முப்பது நாற்பது போதும். ஆட்டுத்தொடையும் ரொட்டியும் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். பாழிடம் பாழாகவே இருக்கட்டும். சுல்தானையும் விரட்ட வேண்டாம். கவிமணியின் புத்தகத்தை யாரும் அலமாரியிலிருந்து எடுத்துவிடப் போவதில்லை. பக்கத்தில் இதற்கும் ஓர் இடம் வேண்டும். இப்படி ஒன்று வந்தால் முதல் பிரதியை ஆமத்தூருக்கு அனுப்புவதாக நண்பரிடம் சொல்லியிருக்கிறேன்.