குமாரசுவாமியின் கற்கள்

ஆனந்த குமாரசுவாமி என்றதும் பேச்சு நடராசரில்தான் தொடங்கும். பொஸ்டன் அருங்காட்சியகம், இந்தியக் கலை, மத்தியகாலச் சிங்களக் கலை என்று அது நீண்டுகொண்டே போகும். 1903 முதல் 1906 வரை அவர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதல் பணிப்பாளராக இருந்த செய்தி எந்த வாழ்க்கைக் குறிப்பிலும் ஒரு வரியைத் தாண்டாது. எனக்குப் பிடித்த குமாரசுவாமி அந்த ஒரு வரிக்காரர்தான்.

1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். இரண்டு வயதிலேயே தந்தை போய்விட, இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்து 1900இல் பட்டம் பெற்றார். 1902இல், இருபத்தைந்து வயதில், இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் காலாண்டிதழில் காலிக் கடற்கரைப் பாறைகளைப் பற்றி ஒன்று, இலங்கையின் பளிங்குச் சுண்ணக்கற்களைப் பற்றி ஒன்று என இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்.

இந்தப் பாறை ஆய்வின் அழகு நுணுக்குக்காட்டியின் கீழ்தான் தெரியும். ஒரு கற்சில்லைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் மூன்று பங்கு தடிப்பு வரும்வரை தேய்க்க வேண்டும். அந்த மெலிவில் கருங்கல்லின் ஊடாக வெளிச்சம் போகும். முனைவாக்கிய ஒளியில் தட்டைச் சுற்றினால் படிகம் (குவாட்ஸ்) சாம்பலும் வெள்ளையுமாய் மாறி மாறி மினுங்கும். பெல்ஸ்பாரில் கோடு கோடாய்ப் பட்டை விழும். மைக்கா நிறங்களை அள்ளி வீசும். ஹைப்பர்ஸ்தீன் கிடைத்தால் யோகம்தான். இளஞ்சிவப்பிலிருந்து வெளிறிய பச்சைக்கு அது மாறுவதை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது.

நிறத்தோடு நின்றுவிட்டால் அது வேடிக்கை பார்ப்பது. யாருக்கு முழு உருவம் வாய்த்தது, யார் மிச்ச இடத்தில் நெருக்கிக்கொண்டார் என்று கேட்கும்போதுதான் ரசனை தொடங்குகிறது. கிரனைற்றில் பெரும்பாலும் படிகத்துக்குச் சொந்த வடிவம் இராது. மற்றவை உறைந்த பிறகு எஞ்சிய இடுக்குகளை அது நிரப்பியிருக்கும். உறைந்த வரிசை அதில் தெரிகிறது. உறைந்தது என்றால் ஒருகாலத்தில் உருகியிருக்க வேண்டுமே? இந்த ஒரு கேள்விக்காக நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் சண்டை பிடித்தார்கள். உருகாமலே, திண்மமாக இருந்தபடியே பழைய பாறை கிரனைற்றாய் மாறியது என்றவர்களும் சாதாரண ஆட்களல்லர். ஆய்வாளர்கள் டட்டிலும் போவெனும் செய்த பரிசோதனைகள் 1958இல் வெளிவந்தன. நீர் சேர்ந்த அழுத்தத்தில், எழுநூறு பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்திலேயே கிரனைற்றின் கூட்டு உருகும் என்று அவை காட்டின. அதற்குப் பிறகு சண்டையின் சூடு குறைந்தது.

கிரனைற்றின் உருகிய குழம்பாகிய மக்மா உறையும்போது தோரியம், சிர்க்கோனியம், அருமண் மூலகங்கள் ஆகியவற்றுக்குச் சாதாரணக் கனிமங்களில் இடம் கிடைப்பதில்லை. கலியாண வீட்டில் கடைசிப் பந்திக்கு ஒதுங்குகிறவர்களைப் போல அவை கடைசித் திரவத்தில் சேர்கின்றன. அது உறைந்தால் பெக்மதைற்று. பலாங்கொடைப் பக்கத்தில் குமாரசுவாமிக்குக் கிடைத்த கறுத்த, கனத்த கனசதுரங்கள் அந்தக் கடைசிப் பந்தியின் ஆட்கள். அவர் யுரேனினைற்று என்றுதான் எண்ணினார். 1904இல் இலண்டனில் இரசாயனவியலாளர் டன்ஸ்டன் ஆராய்ந்தபோது பெரும்பகுதி தோரியம் என்று தெரிந்தது. தோரியனைற்று என்ற பெயர் வந்தது. அடுத்த ஆண்டே, இலண்டனில் இரசாயனவியலாளர் ராம்சேயிடம் வேலை பழக வந்திருந்த ஒட்டோ ஹான் என்ற இளைஞர் அதே இலங்கைக் கனிமத்திலிருந்து ரேடியோதோரியம் என்ற கதிரியக்கப் பொருளைப் பிரித்தெடுத்தார். பின்னாளில் அணுப் பிளவைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் அவர். (நம் வீட்டுப் பெற்றோல்மக்ஸ் மென்டிலை வெள்ளையாய் ஒளிர வைத்ததும் தோரியம்தான்.)

கார மக்மாவின் போக்கு வேறு. மிக ஆழத்தில், மூடகப் பாறையில் ஒரு சிறு பங்கு மட்டும் உருகும்போது சோடியமும் பொட்டாசியமும் மிகுந்து, சிலிக்கா குறைந்து அது பிறக்கும். நெபலின் அதன் கையெழுத்து. நெபலினும் படிகமும் ஒரே பாறையில் சேர்ந்து வாழா. சேர்ந்தால் இரண்டும் கலந்து அல்பைற்று ஆகிவிடும். ஆகவே நெபலின் ஒரு மணி கண்டாலே போதும், அந்தப் பாறையில் படிகத்தைத் தேட வேண்டாம். இவ்வளவு கறாரான விதி எந்த இலக்கணத்திலும் இல்லை. காங்கேயத்துக்கு அருகே சிவமலையில் இந்த வகைப் பாறையைப் புவிச்சரிதவியலாளர் ஹொலண்ட் 1901இல் விவரித்தார். பல்லாவரத்துக் கருங்கல்லுக்கு, கல்கத்தாவிலுள்ள ஜோப் சார்னொக்கின் கல்லறையை நினைத்துச் சார்னொக்கைற்று என்று பெயரிட்டவரும் அவரே. மேலே சொன்ன ஹைப்பர்ஸ்தீன் அதில் இருக்கிறது. எங்கள் எப்பாவலைப் பொஸ்பேற்றையும் கார மக்மாவின் உறவான காபனற்றைற்றின் பிள்ளை என்றே பலர் கொள்கிறார்கள்.

வடகொழும்பில், மட்டக்குளிக்காரருக்கு இதெல்லாம் தூரத்துச் சங்கதி அல்ல. களனி கங்கை மலைநாட்டைக் கரைத்துக் கொண்டுவந்து காக்கைதீவில் கொட்டும் மணல் இந்தப் பாறைகளின் தூள்தான். இன்னும் கொஞ்சம் தெற்கே கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில். 1907இல் தொடங்கி அதைக் கருங்கல்லால் திரும்பக் கட்டுவித்த சேர் பொன். இராமநாதன், குமாரசுவாமிக்கு அத்தை மகன். மச்சான்மார் இருவருக்கும் கல்லில்தான் மனம் போயிருக்கிறது. அந்தத் தூண்களின் சிற்பத்தைப் புகழ ஆள் உண்டு. சிற்பியின் உளி தொடாத பக்கத்தில் மணிகளின் அடுக்கைக் குனிந்து பார்க்கிறவர் குறைவு.

புவிச்சரிதவியலாளரான குமாரசுவாமியைக் கலை விமர்சகரின் முன்னுரையாக மட்டும் படிப்பது அநியாயம். 1902இன் அந்த இரண்டு கட்டுரைகளும் தம் சொந்தக் காலில் நிற்பவை. பேராதனையில் புவிச்சரிதவியல் படிக்கும் தமிழ் மாணவர் யாராவது படங்களோடும் குறிப்புகளோடும் அவற்றைத் தமிழில் தந்தால், முதற் பிரதிக்கு இப்போதே என் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.